படையலுக்கு வாங்கிய மீன்

சொப்பிங் பையைக் கவிழ்த்ததும் மீன் பலகையில் வழுக்கி விழுந்து, தாடையைத் தனுஷிகாவின் பக்கம் நீட்டிக்கொண்டு கிடந்தது. அவள் அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செதில் எடுப்பதற்காகச் சாம்பலைக்கூடக் கையில் அள்ளிவிட்டாள். மறுநாள் அப்பாவுக்குக் கருமாதி. படையலுக்குக் கடல்மீன் வேண்டுமென்று அம்மா காலையிலேயே டயகமவிலிருந்து தலவாக்கலைக்கு பஸ் ஏறிப் போய் வாங்கிவந்தது இது. கழுவி மஞ்சள் தடவி வைத்துவிட்டால் விடிந்ததும் குழம்பு கூட்டிவிடலாம். ஒரு சாணுக்குச் சற்று அதிகமான நீளம், கருப்பும் வெள்ளியும் கலந்த உடம்பு, முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண். அதுவரை அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. செவுளைப் பிடித்துத் திருப்பியபோதுதான் தாடைக்கு அடியிலிருந்து இரண்டு வெள்ளை மீசைகள் ஈரமாக வந்து விரலில் ஒட்டின. கையிலிருந்த சாம்பல் தரையில் கொட்டிவிட்டது.

தனுஷிகா தேயிலை மலையில் பிறந்து, இருபது வயதில் முதல்முறையாகக் கடலைப் பார்த்தவள். இப்போது கிழக்குக் கரையில் ஓர் ஆய்வுகூடத்தில் மீன்களை இனம் பிரிக்கிறாள். இது இன்ன மீன், இதற்கு அண்ணன் தம்பி இன்னின்ன மீன்கள் என்று முள்ளையும் செதிலையும் எண்ணிச் சொல்கிற வேலை. ஊரில், லயத்து வீடுகளில், இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல அவளால் முடிந்ததில்லை. அப்பா செல்லசாமிதான் ‘மகள் மீன் ஒப்பீஸில இருக்கு’ என்று சுருக்கமாக முடித்துவைத்தார். அதிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் மலிவாக நெத்தலிக் கருவாடு கிடைக்குமா என்று நாலு பேர் கேட்பார்கள். கிடைக்காது என்றால் பெரிய வேலைக்குப் போய்விட்டாள், இனி நம்மையெல்லாம் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள்.

அப்பா செத்துப்போனபோது அவள் கப்பலில் இருந்தாள். ஆழ்கடலில் வலை இறக்கிக் கணக்கெடுக்கும் கப்பல் அது. கரையிலிருந்து போன் எட்டாத தூரம். இருமல் முற்றி அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, அங்கேயே முடிந்துபோனது, பெட்டியில் வைத்து லயத்துக்குக் கொண்டுவந்தது, மகள் வந்துவிடுவாள் என்று நாளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக் கடைசியில் தேயிலைக்கு நடுவே இருக்கும் புதைகாட்டில் புதைத்தது, எதுவும் அவளுக்குத் தெரியாது. அந்த நாட்களில் ஒன்றில்தான் வெளிச்சமே இறங்காத ஆழத்திலிருந்து வந்த வலையில் தாடைக்கடியில் மீசை வைத்த ஒரு மீன் ஏறியது. அந்தக் குடும்பத்து மீன்களை அவள் அறிவாள். இது அவற்றில் எதுவும் இல்லை. முதுகுத் துடுப்பில் முட்கள் கூடுதல், செவுளுக்குள் இருக்கும் சீப்புப் பற்கள் குறைவு. கப்பலில் எல்லாரும் கைதட்டினார்கள். அவள் சிரித்தபடி அதைக் கையில் ஏந்திப் போட்டோவுக்கு நின்றாள். அந்தப் போட்டோவில் இருக்கும் தேதியை அவள் பிறகுதான் பார்த்தாள். பெட்டியை மூடிய நாள் அது.

அன்றிலிருந்து அவள் மனது ஒரே கணக்கில் நின்றது. அந்த மீன் உலகத்தில் யாரும் பார்க்காத புது இனமாக இருந்தால், அவள் அப்பாவுக்கு முகம் காட்டாமல் போனதற்கு ஏதோ ஒரு பெறுமதி உண்டு. இல்லையென்றால் எதற்கும் ஆகாத ஒரு காரியத்துக்காகப் பெற்ற தகப்பனை விட்டுவிட்டாள் என்றுதான் அர்த்தம். இந்தக் கணக்கை அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று அவளுக்கே தெரியும். ஆனால் ஆய்வுகூடத்துப் பொறுப்பாளர் அம்மையார் பொறுமையாகச் சொல்லிவிட்டார். ஒற்றை மீனை வைத்துக்கொண்டு புது இனம் என்று எழுத அவருக்கு மனமில்லை. அது ஊனமாகப் பிறந்த ஒன்றாகவும் இருக்கலாம். இன்னொன்று கிடைக்கட்டும், அதுவரை போத்தலில் இருக்கட்டும். இன்னொன்று எப்போது கிடைக்கும் என்று அவள் கேட்டதற்கு, கிடைக்காமலே போகலாம் என்று பதில் வந்தது.

அந்த இன்னொன்றுதான் இப்போது பலகையில் கிடந்தது. அவள் எழுந்து கதவை அகலத் திறந்து, வெளிச்சம் விழும்படி பலகையை வாசற்படிக்கு நகர்த்தினாள். ஊசி ஒன்றைத் தேடி எடுத்து, ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த முதுகுத் துடுப்பை விரித்து, முன்னாலிருந்து ஒவ்வொரு முள்ளாக ஊசிமுனையால் தொட்டு எண்ணினாள். நெஞ்சு அடித்துக்கொண்டதில் நடுவில் பிசகியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். கடைசி முள்ளைத் தொட்டபோது போத்தலில் இருக்கும் மீனின் கணக்கு அப்படியே வந்துவிட்டது. செவுளைத் திறந்து சீப்புப் பற்களையும் பார்த்திருக்கலாம். ஆனால் வீட்டுக் கத்தியால் கிழித்து மீனைச் சிதைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதோடு எண்ணியது போதும் என்றும் தோன்றியது. கண்ணீர் வந்து மீன் மங்கலாகத் தெரிந்தது.

அம்மா அம்மாக்கண்ணு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய தம்பி சின்னராசா கருமாதிச் சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மகள் மீனைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பதைக் கவனித்து, கெட்டுப்போய்விட்டதா என்று அம்மா கேட்டாள். ஒரு வாரமாகக் கடல் கொந்தளிப்பாம், நூர்தீன் நானாவின் கடையில் இதைத் தவிர வேறு நல்ல மீனே இல்லை, கண் பளபளவென்று இருந்தது, அதனால்தான் வாங்கினேன் என்று தன் பக்க நியாயத்தையும் சொன்னாள்.

தனுஷிகா நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

“அம்மா, இந்த மீன ஆக்க வேணாம். எனக்குக் குடும்மா.”

அம்மாவுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது புடைப்பதை நிறுத்திவிட்டு முறத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கடைசி வாரத்தில் அப்பா கடல்மீன் குழம்பு வேண்டுமென்று கேட்டார். தோட்டத்துக் கடையில் டப்பாவில் அடைத்த ரின்மீன்தான் இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லி அம்மா அதைப் போட்டுத்தான் சோறு கொடுத்தாள். அந்தக் கடனைத் தீர்க்க வாங்கிய மீன் இது. தனுஷிகாவுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

“செத்த மனுசனுக்குன்னு வாங்கியாந்தத உசுரோட இருக்கவ எடுத்துக்கிறதா?” என்றார் சின்னராசா. “சாவுக்குந்தான் வரல. படையலுக்கும் வராமயே இருந்திருக்கலாம்.”

தனுஷிகா அவர் பக்கம் திரும்பவில்லை. அம்மாவைப் பார்த்தே பேசினாள். கப்பலில் பிடித்த மீனைப் பற்றி, போத்தலைப் பற்றி, இரண்டாவது ஒன்று இல்லாமல் எதுவும் நடக்காது என்பதைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு மீனுக்கும் சாஸ்திரத்தில் இரண்டு பகுதியாகப் பெயர் உண்டு. முன்பகுதி குடும்பத்துக்குப் பொதுவானது, பின்பகுதி அதற்கே உரியது. அவளுடைய மீனுக்கு முன்பகுதியை மட்டும் எழுதிப் பின்பகுதிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

“பாதிப் பேருதாம்மா இருக்கு அதுக்கு.”

“அரப்பேரா?” என்றாள் அம்மாக்கண்ணு.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. கொழுந்து எடை குறைந்தாலோ, முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டாலோ கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவார்; மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அதை வாசிப்பார்கள். தனுஷிகா அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. அது அம்மாவின் காதில் எப்படி விழும் என்று யோசிக்கவும் இல்லை.

“உங்கப்பாவுக்குக் கடசியா போட்டதெல்லாம் அரப்பேருதான்,” என்றாள் அம்மா. “இருமிக்கிட்டு மலையில குந்திட்டாருன்னு. மறுநா பெரட்டுல எல்லாரு முன்னுக்கும் செல்லசாமி அரப்பேருன்னு சத்தமாச் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்த பேசல மனுசன்.”

சின்னராசா எதையோ சொல்ல வாயெடுத்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு எழுந்து வந்து பலகைக்கு முன்னால் குனிந்து மீனைப் பார்த்தாள். மீசையைத் தொட்டுப் பார்த்தாள்.

“நீ முழுப்பேரு போட்டுருவியா இதுக்கு?”

“போடுவேம்மா.”

“அவரு பேர வைக்க விடுவாங்களா?”

“கண்டுபிடிச்சவங்க வைக்கிறதுதாம்மா. அப்பா பேரத்தான் வைக்கப்போறேன்.”

அதுவரை அவள் அப்படி நினைத்திருக்கவே இல்லை. சொன்ன பிறகு வேறு எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தாது என்று பட்டது. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எடுத்துக்கோ என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். படையலுக்குக் கருவாடு போதும் என்ற குரல் அடுப்படியிலிருந்து வந்தது.

மீனைக் கெடாமல் வைக்க மருந்து வேண்டும். ஆய்வுகூடத்தில் அது பீப்பாய் பீப்பாயாக இருக்கும். மலையில் யாரிடம் இருக்கும் என்று யோசித்தபோது ஒரே ஓர் இடம்தான் நினைவுக்கு வந்தது. அவள் அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் தலவாக்கலைக்குப் போனாள். பிணத்துக்கு மருந்தேற்றிப் பெட்டி கொடுக்கும் மலர்ச்சாலைக்காரர் ஜெயகாந்தன் அவளைக் கண்டதும் வாசலுக்கே வந்து, செல்லசாமி அண்ணனின் மகள்தானே என்று கேட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். போர்மலின் கொஞ்சம் வேண்டும், ஒரு மீனை வைக்க என்று அவள் சொன்னதை அவர் இரண்டாவது தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். உள்ளே போய் ஒரு போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்தார். காசு வாங்க மறுத்தார்.

“அப்பாவுக்கு ஏத்தினதுல மிச்சம்தாம்மா. நீங்க வர்ற வரைக்கும் தாங்கணும்னு கொஞ்சம் கூடுதலாவே ஏத்தச் சொன்னாங்க. முகம் மாறவே இல்ல, தூங்குற மாதிரித்தான் இருந்தாரு.”

அவள் போத்தலை வாங்கிப் பைக்குள் வைத்தாள். அழக்கூடாது என்று நினைத்தாள். அழுதுவிட்டாள். ஜெயகாந்தன் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

திரும்பும் வழியில் நூர்தீனின் கடை. அவரும் விஷயம் விசாரித்துவிட்டு, அந்த மீசைக்கார மீன் திருகோணமலைப் பெட்டியில் வந்தது, பேர் தெரியாத மீன் என்று யாரும் தொடவில்லை, அதனால் மலிவாகவே கொடுத்தேன் என்றார். பெட்டியில் நாலைந்து கிடந்ததாகவும், போன மாதமும் இதேமாதிரி வந்ததாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். வேறொரு நாளாக இருந்தால் அந்தச் சொல் அவளை அங்கேயே நிறுத்தியிருக்கும். யாரும் பார்க்காத மீன் எப்படி மாதாமாதம் பெட்டியில் வரும்? அன்றைக்கு அது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடினாள்.

வீட்டில் பெயின்ட் வாளி ஒன்றைக் கழுவி, மருந்தோடு தண்ணீர் கலந்து, மீனை உள்ளே இறக்கி மூடியை அழுத்தினாள். வாளி சிறியது. மீன் வளைந்துதான் கிடந்தது. கட்டிலுக்குக் கீழே அதைத் தள்ளி வைத்தாள். மறுநாள் அப்பாவின் படத்துக்கு முன்னால் வாழையிலையில் சோறும் பருப்பும் முட்டையும், சாராயக் குவளையும், அவர் குடிக்கும் பீடிக்கட்டும் வைத்தார்கள். மீன் இருக்க வேண்டிய இடத்தில் கருவாட்டுத் துண்டு இருந்தது. கூரைமேல் கருவாட்டோடு வைத்த பிடிச் சோற்றுக்குக் காகம் வர நேரமானது. சொந்தக்காரர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சின்னராசா இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். கடைசியில் ஒரு காகம் வந்து சோற்றைக் கொத்தியது, கருவாட்டை விட்டுவிட்டது. அம்மா இலையை எடுக்க உள்ளே போய்விட்டாள்.

ஆய்வுகூடத்தில் மீனை வாளியிலிருந்து எடுத்தபோது அது வாளியின் வளைவிலேயே விறைத்திருந்தது. மருந்தில் இறுகிய உடம்பை எதைக் கொண்டும் நிமிர்த்த முடியாது. அவள் வருத்தப்பட்டாள், ஆனால் பெரிதாக இல்லை. எண்ணுவதற்கு வளைவு தடையில்லை. உருப்பெருக்கியின் கீழ் வைத்து விளக்கைத் திருப்பி, முதுகுத் துடுப்பைப் பின்னாலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். கடைசி முள் இரண்டாகத் தெரிந்தது. அடியைக் கூர்ந்து பார்த்தாள். ஒரே அடியில் பிறந்து மேலே இரண்டாகப் பிரிந்த ஒற்றை முள் அது. அதை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். அவள் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். வாசற்படியில் குந்தியிருந்து ஊசியால் தொட்டு எண்ணிய அன்றைக்கு, அவள் அதை இரண்டாக எண்ணியிருக்கிறாள்.

ஒரு முள் குறைந்தால் என்ன, செவுள் இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வலப்பக்கச் செவுளைத் திறந்து வளைவை வெளியே எடுத்து வைத்துச் சீப்புப் பற்களை எண்ணினாள். எண்ணி முடிக்கத் தேவையே இருக்கவில்லை. போத்தலில் இருக்கும் மீனுக்கு இத்தனை அடர்த்தியாக இருக்காது. இது வேறு மீன். இது எல்லாரும் அறிந்த மீன். நூறு வருஷத்துக்கு முன்பே யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஏதோ ஒரு துறைமுகத்துச் சந்தையில் வாங்கி, எண்ணி, முழுப்பேரும் வைத்துவிட்டுப் போன மீன். போத்தலை இறக்கி அதிலிருந்த தன் மீனையும் மறுபடி எண்ணிப் பார்த்தாள். அதன் கணக்கில் பிழையில்லை. அது முன்பு இருந்த மாதிரியே தனியாக இருந்தது.

கூடத்தில் அப்போது வேறு யாரும் இல்லை. பிரிந்த முள்ளை இரண்டு என்று எழுதலாம். செவுளின் வளைவை எடுக்கும்போது உடைந்துவிட்டது என்று சொல்லலாம். அம்மையார் அவள் எண்ணிக்கையைச் சந்தேகித்ததே கிடையாது. அப்பாவின் பெயர் அச்சில் வரும், உலகத்தில் எங்கே யார் அந்த மீனைப் பிடித்தாலும் செல்லசாமியின் பெயரைத்தான் சொல்லியாக வேண்டும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இன்னொருத்தி ஒருநாள் இந்த மீனை எடுத்து எண்ணுவாள். கடைசி முள்ளுக்கு வந்ததும் சிரிப்பாள். அப்பாவின் பேருக்கு நேராக அந்தச் சிரிப்பு விழுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தெரிந்த மீனின் பெயரை அட்டையில் எழுதி, நூலால் வாலடியில் கட்டினாள். பிடித்த இடம் என்ற வரியில் தெரியாது என்று எழுதி, திருகோணமலைப் பெட்டியில் வந்தது, தலவாக்கலைச் சந்தையில் வாங்கியது என்று சேர்த்தாள்.

மருந்து போக மீனைப் பல நாள் தண்ணீரில் போட்டுத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி ஒரு நாள் மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவின் போன் வந்தது. மலையில் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி வந்து பேசுகிறாள் என்பது மூச்சு வாங்குவதில் தெரிந்தது. கொழுந்து நிறுக்கக் காத்திருக்கிற பெண்களின் பேச்சுச் சத்தம் பின்னால் கேட்டது. காலையில் பெரட்டில் கணக்கப்பிள்ளையிடம் தானே போய்ச் சொல்லிவிட்டதாக அம்மா சொன்னாள். எங்க வீட்டு மனுசன் பேரில் கடலில் ஒரு மீன் இருக்கப்போகிறது, முழுப்பேர் என்று சொன்னாளாம். அவன் முழித்தானாம். சொல்லும்போது அம்மாவின் குரலில் அப்பா போன பிறகு முதல்முறையாக ஒரு துள்ளல் இருந்தது.

“பேரு போட்டாச்சுல்ல புள்ள?”

போட்டாச்சு என்று சொல்லலாம். அந்த மீனுக்கு முழுப்பேர் இருக்கிறது, அவள் கையாலேயே எழுதிக் கட்டியும் இருக்கிறாள். அது பொய்கூட ஆகாது. சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

“இல்லம்மா. அது வேற மீனு. ஏற்கனவே பேரு உள்ள மீனு. நான் பிசகா எண்ணிப்புட்டேன்.”

யாரோ அம்மாவைப் பெயர் சொல்லி நிறுவைக்குக் கூப்பிட்டார்கள். அம்மா போகவில்லை.

“அப்ப ஆக்கியே போட்டிருக்கலாம்,” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. உப்புக் குறைந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். அம்மா போனை வைக்கவும் இல்லை. மலையில் அடிக்கும் காற்று போனுக்குள் இரைந்தது. தனுஷிகா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தட்டைச் சரித்துப் பழைய தண்ணீரை வடித்துவிட்டுக் குழாயைத் திறந்தாள். புதுத் தண்ணீர் ஏற ஏற மீன் தட்டை விட்டு எழும்பியது. வளைந்த உடம்பு எந்தப் பக்கமும் படுக்க மாட்டாமல், இரண்டு மீசைகளும் முன்னால் மிதக்க, மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தது.